மறு: ‘கம்ப்யூட்டபிள்’ – ‘கணி’ என்ற வேர் இங்கே சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

கணிதக் கலைச்சொற்களைத் தமிழாக்கும் இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டேன். ‘ரேண்டம்’ (random) என்பதற்கு ‘எழுமாறு’ என்று ஏறத்தாழ முடிவாகிவிட்டது. எனக்கும் சம்மதம். இலங்கைப் பாடநூல்களில் பிள்ளைகள் படித்துப் பழகிய சொல் அது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உள்ள ‘சமவாய்ப்பு’ நிகழ்தகவுக்குப் பொருந்தும். ஆனால் தனி ஒரு வரிசையை எப்போது ரேண்டம் எனலாம் என்று கணிதவியலாளர் மார்ட்டின்-லோஃப் 1966இல் எடுத்துக்கொண்ட கேள்விக்குப் பொருந்தாது. நாணயத்தை 1000 தடவை சுண்டினால், ஆயிரமும் தலையாக விழுவதற்கும் தாறுமாறான ஒரு குறிப்பிட்ட வரிசை விழுவதற்கும் ஒரே வாய்ப்புதான். வாய்ப்பு சமமாக இருந்தும் அவற்றில் ஒன்றைத்தானே எழுமாறு என்கிறோம்?

நான் எழுத வந்தது அடுத்த சொல்லைப் பற்றி. ‘கம்ப்யூட்டபிள்’ (computable), அதாவது ஒரு கணினி நிரலால் எழுதித்தர முடிவது, என்பதற்கு நம் குழுவின் ஐயா ‘கணிக்கத்தக்க’ என்று முன்வைத்தார். கணினி, கணிமை எல்லாம் அந்த வேர்தானே என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். போன வாரம் வரை நானும் அப்படித்தான் எழுதிவந்தேன். எழுமாறு வரிசைகளைப் பற்றிய என் பாடக்குறிப்பைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

அங்கே ஓர் அடிப்படைத் தேற்றம் வருகிறது. அடுத்த இலக்கம் 0வா 1ஆ என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லாத வரிசையை எந்த நிரலாலும் எழுதித்தர முடியாது. இதை ஐயாவின் சொல்லை வைத்து எழுதினேன். ‘கணிக்க முடியாத ஒவ்வொரு வரிசையும் கணிக்க முடியாதது’ என்று வந்து நின்றது. நிறுவ வேண்டிய தேற்றம் தமிழில் ஒன்றுமே சொல்லாத வாக்கியமாகிவிட்டது.

இதைக்கூடச் சமாளிக்கலாம். மறுதலைக்கு, அதாவது எந்த நிரலாலும் எழுதித்தர முடியாத வரிசையெல்லாம் முன்கூட்டிச் சொல்ல முடியாததா என்ற கேள்விக்கு, வந்தால்தான் உண்மையான சிக்கல். எல்லா நிரல்களுக்கும் வரிசையாக எண் கொடுங்கள். ஒரு நிரல் ஓடி நின்றால் அதன் இடத்தில் 1, நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் 0. இந்த ‘நிற்றல் வரிசை’யை முழுக்க எழுதித்தரும் இயந்திரம் இல்லை என்று கணிதவியலாளர் டூரிங் 1936இல் காட்டிய வழியில் நிறுவலாம். ஆனால் இதை வைத்துப் பந்தயம் கட்டச் சொன்னால் நான் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவேன். ‘1 என்று அச்சிட்டு நில்’, ‘2 என்று அச்சிட்டு நில்’ என்பது போன்ற நிரல்கள் பட்டியலில் முடிவில்லாமல் வரும், பார்த்ததுமே அடையாளம் தெரியும். அந்த இடங்களில் மட்டும் கையில் உள்ளதை எல்லாம் 1 மேல் கட்டுவேன், மற்ற இடங்களில் சும்மா இருப்பேன். ஒரு ரூபாயில் தொடங்கி, வென்றால் இரட்டிப்பு என்று வைத்தால், 20 பந்தயத்தில் 10,48,576 ரூபாய். தோல்வியே கிடையாது.

சுருக்கவும் முடியும். முதல் 1024 நிரல்களில் எத்தனை நிற்கும் என்ற எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டு, அத்தனை நின்றதும் மிச்சம் நிற்காது என்று எழுதிவிடலாம். அந்த எண்ணிக்கையை எழுத 11 பிட், அதாவது 0 அல்லது 1 ஆன 11 இலக்கம், போதும். 1024 பிட் வரிசையை 11 பிட்டிலிருந்து மீட்டுவிடலாம் என்றால் அது எழுமாறு ஆகாது.

ஆக, எந்த இயந்திரமும் முழுக்க எழுதித்தர முடியாத ஒரு வரிசையில் முன்கூட்டிச் சொல்லிப் பணம் பண்ணவும் முடிகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான். இதைத் தமிழில் எழுதினால், ‘நிற்றல் வரிசை கணிக்க முடியாதது, ஆனால் கணிக்க முடியாத வரிசை அல்ல’. படிக்கிற மாணவர் என்ன செய்வார்?

குற்றம் ஐயாவின் சொல்லில் இல்லை. அந்த வேரே இரண்டு வேலையும் பார்த்து வந்தது. கணியன் கோள்களின் நிலையைக் கணக்கிட்டான், வரப்போவதையும் சொன்னான். இன்றும் ஜாதகம் கணிக்கிறோம். வானிலைக் கணிப்பு, தேர்தல் கணிப்பு என்று நாளிதழ்களில் வருவதெல்லாம் முன்கூட்டிச் சொல்வதுதான். மக்கள் வாயில் ஊறிப்போன அந்தப் பொருளை நாம் எடுத்துவிட முடியாது. கணினி, கணிமை அப்படியே இருக்கட்டும், அவற்றோடு எனக்கு வழக்கில்லை. எழுமாறும் கணக்கிடலும் ஒரே வரியில் சந்திக்கும் இந்தத் துறைக்கு மட்டும் வேறு சொல் கேட்கிறேன்.

‘பழகிய சொல்லை மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் இதே துறையில் நடந்ததைப் பாருங்கள். 1930களில் தர்க்கவியலாளர்கள் கோடெல், கிளீனி காலத்திலிருந்து ‘ரிகர்சிவ்’ என்ற சொல்லே ‘கம்ப்யூட்டபிள்’ என்ற பொருளிலும் வழங்கியது. தன்னையே திரும்ப அழைத்து வரையறுக்கும் முறைக்கும் அதுதான் பெயர். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் சோரே 1996இல் ஒரு கட்டுரை எழுதி, ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வேண்டாம், இரண்டையும் பிரிப்போம் என்றார். அறுபது ஆண்டுப் பழக்கம். ஆனாலும் துறையினர் பெரும்பாலும் அவர் பக்கம் வந்துவிட்டார்கள். நம் ‘கணிக்கத்தக்க’ இன்னும் குழுவை விட்டு வெளியே போகவில்லை. இப்போதே மாற்றிவிடலாம்.

சரி, மாற்று என்ன? ‘கணக்கடங்கு’ என்று முதலில் நினைத்தேன். கணக்குக்குள் அடங்குவது என்ற பொருள், ஓசையும் நன்றாக இருந்தது. எதிர்மறையில் கெட்டுவிட்டது. ‘கணக்கிலடங்காத’ என்றால் எண்ணவே முடியாத அளவு என்றுதான் யாருக்கும் தோன்றும். எண்ணத்தகாத கணங்களும் (‘அன்கவுண்டபிள் செட்’) இந்தத் துறையில் அடிக்கடி வருகின்றன, புதுக் குழப்பம் வேண்டாம். ‘வழிமுறைக்குட்பட்ட’ என்பது நீளம், அடைமொழி சேர்த்தால் மூச்சு வாங்குகிறது.

என் பரிந்துரை ‘கணக்கிடத்தகு’. எதிர்மறை ‘கணக்கிடத்தகா’, பண்பு ‘கணக்கிடத்தகைமை’. முன்கூட்டிச் சொல்வதற்குக் ‘கணிப்பு’ என்பதையே வைத்துக்கொள்ளலாம். இப்போது அந்த வாக்கியங்களைத் திரும்ப எழுதிப் பார்க்கிறேன்.

கணிக்க முடியாத ஒவ்வொரு வரிசையும் கணக்கிடத்தகாதது. நிற்றல் வரிசை கணக்கிடத்தகாதது, ஆனால் சில இடங்களில் பிழையின்றிக் கணித்து வெல்லலாம். பை (π) என்ற எண்ணின் இலக்கங்கள் கண்ணுக்குத் தாறுமாறாகத் தெரிந்தாலும் கணக்கிடத்தகு வரிசை, அதனால் எழுமாறு அல்ல.

மூன்றும் எனக்குத் தெளிவாகவே படுகின்றன. உங்களுக்கு எங்காவது இடறினால் அந்த வரியைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

அப்புறம், ‘கம்ப்யூட்டபிளி இன்யூமரபிள்’ (computably enumerable) என்பதற்கு ‘கணக்கிட்டெண்ணத்தகு’ என்று ஒருவர் நீட்டியிருந்தார். இயந்திரம் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டுக்கொண்டே போகிறது, அவ்வளவுதானே? ‘பட்டியலிடத்தகு கணம்’ போதாதா? யாழ்ப்பாண நண்பர்கள் கணத்தைத் ‘தொடை’ என்பார்கள். ‘பட்டியலிடத்தகு தொடை’ என்று அவர்கள் காதுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு என் பாடக்குறிப்பின் அடுத்த அத்தியாயத்துக்குப் போகிறேன்.

அன்புடன்