ஓட ஓட வடிந்துவிடும் பேலஸ்ட் பை

அண்ணன்மாரே, மூன்று வாரமாக இதில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். வேக்சர்ஃபிங்குக்காக (ஓடும் படகு கிளப்பும் அலையில் பலகை மேல் நின்று சறுக்குவது) பழைய 21 அடி படகு ஒன்று வாங்கினேன். இன்போர்டு, வி-டிரைவ், அதாவது எஞ்சின் படகுக்குள்ளேயே பின்பக்கம், புரொப்பல்லர் படகுக்கு அடியில். (எஞ்சின் வெளியே தொங்கும் அவுட்போர்டுக்குப் பின்னால் யாரையும் அலையில் விட மாட்டேன், புரொப்பல்லர் வெளியே நிற்கும்.) ஓட்டுவது பூவாறு பக்கம் காயலில், விடியற்காலையில்.

மச்சான் இடதுகாலை முன்வைத்து நிற்பவன், அதனால் அலை இடப்பக்கம் வேண்டும். அந்தப் பக்கம் எடை ஏற்றி அலையைப் பெரிதாக்க, இடது பின்மூலையில் தண்ணீர் நிரப்பும் 340 லிட்டர் பேலஸ்ட் பை, அதாவது 340 கிலோ. நிறுத்தி வைத்து நிரப்பினால் பத்து நிமிடத்தில் நிறைகிறது. மணிக்கு 17 கிலோமீட்டரில் கால் மணி நேரம் ஓடினால் பை பாதிதான். அலையும் படுத்துவிடுகிறது.

பை ஓட்டை இல்லை, பில்ஜ் (படகின் அடிப்பள்ளம்) காய்ந்தே கிடக்கிறது. நிரப்பும் வால்வை மூடி ஓட்டினேன், அதே கதை. காற்றுப்போக்கிக் குழாயையும் கொஞ்ச நேரம் அடைத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. ஹோஸ் கிளாம்ப் எல்லாம் புதிது. மிச்சம் வடிகால் லைன்தான். அதில் இருப்பது 12 வோல்ட் ஏரேட்டர் பம்ப், நின்றாலும் தண்ணீரை மறிக்காது. பை உயரமாக இருப்பதால் சைஃபன் ஆகிறது, அதாவது பம்ப் ஓடாமலே தண்ணீர் குழாய் வழியாகத் தானே இழுத்து வடிகிறது என்று நினைக்கிறேன். சாதாரண ஒருவழி வால்வு போடச் சொன்னார் ஒரு மெக்கானிக். தண்ணீர் போவதும் அதே திசையில்தானே, அது எப்படித் தடுக்கும்?

வடிகால் குழாயை மேலே தூக்கி, காற்றுத்துளை உள்ள வளைவு போட்டால் நிற்குமா, போடுவதென்றால் பையின் மேல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில்?