புதுப்பிப்பு: ஏற்காடு குதிரைகளுக்கு என்ன பழம் தரலாம்?

ஏற்காடு ஏரிப் பக்கம் சவாரிக்கு நிற்கும் குதிரைகளுக்குப் பழம் கொடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா? குதிரைக்காரரிடமும் ஒரு கால்நடை மருத்துவரிடமும் பேசிவிட்டேன்.

பட்டர் ஃப்ரூட் மட்டும் கூடவே கூடாது. சேர்வராயன் மலைத் தோட்டங்களில் அந்த மரம் சாதாரணம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பழம், கொட்டை, இலை எல்லாவற்றிலும் பெர்சின் என்ற நச்சு உண்டு. குதிரைக்கு முகமும் கழுத்தும் வீங்கும், இதயமும் பாதிக்கப்படலாம். அந்த மரத்தடியில் கட்டுவதுகூட வேண்டாம்.

ஆப்பிள், வாழை, பேரிக்காய் பரவாயில்லை. ஆனால் மலைப் பேரிக்காய் கல் மாதிரி இருக்கும்; முழுசாகப் போட்டால் உணவுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது. விரல் நீளத்துக்குக் கீற்றாக நறுக்கி, உள்ளங்கையை நன்றாக விரித்து, கட்டைவிரலை ஒட்டி வைத்து நீட்டுங்கள். சேலத்து மாம்பழம் என்றால் கொட்டை இல்லாமல் சதை மட்டும்.

அளவு? நாளுக்கு ஒன்றிரண்டு பழம் போதும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஆளுக்கொன்று ஊட்டினால் சர்க்கரை கூடிப்போய், ஏற்கெனவே குண்டான குதிரைக்குக் குளம்பில் அழற்சி வரும். அதனால் கேட்காமல் கொடுக்காதீர்கள். “தர்றதுன்னா என்கிட்ட கொடுங்க, சாயங்காலம் நானே நறுக்கிப் போடுறேன்” என்கிறார் குதிரைக்காரர்.