புது ஸ்பீக்கரை 100 மணி நேரம் ஓட்டியே ஆகணுமா? (மும்பை, ஒண்டுக்குடித்தன சுவர்)

செம்பூர்வாசி:
மக்களே, போன சனிக்கிழமை ஒரு ஜோடி புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்கினேன், பேஸ் தர்ற ஊஃபர் ஆறரை இஞ்ச், ரெண்டு வருஷமா சேத்த காசு. வீட்டுல வந்து மாட்டினா மிருதங்கத்துல வலந்தலை (வலது பக்கம்) கணீர்னு கேக்குது, தொப்பி (பேஸ் வர்ற இடது பக்கம்) இருக்கற இடமே தெரியல. கடைக்கு போன் போட்டா "100 மணி நேரம் ஓடட்டும் சார், தானா திறக்கும்"னு வச்சுட்டார். நான் லோக்கல் பிடிச்சு வீடு வந்து சேர எட்டு மணி, பத்துக்கு மேல போனா பக்கத்து வீட்டு ஆஜி (மராத்தி பாட்டி) சுவத்துல தட்டுவாங்க. பிங்க் நாய்ஸ் (எல்லா ஸ்தாயிலயும் ஒரே அளவு இருக்கற இரைச்சல்) போட்டா சீக்கிரம் முடியுமா? எம்பி3 போட்டா ஸ்பீக்கர் கெட்டுப் பழகிடும், தரம் குறையாத ஃப்ளாக் ஃபைல்தான் போடணும்னு வேற ஒருத்தர் சொல்றார்.

மாட்டுங்கா டிகாக்ஷன்:
சத்தத்துக்கு வழி இருக்கு. ரெண்டு ஸ்பீக்கரையும் மூஞ்சிக்கு மூஞ்சி நாலு விரல் இடைவெளில வைங்க, ஒண்ணுல மட்டும் சிவப்பு கருப்பு ஒயரை மாத்தி சொருகுங்க, ஒரு கோன் முன்னாடி வர்றப்ப இன்னொண்ணு பின்னாடி போகும், பேஸ் ஒண்ணை ஒண்ணு தின்னுடும். மேல ஒரு கனமான போர்வை. ஆடாசிட்டி சாஃப்ட்வேர்ல பிங்க் நாய்ஸ் மோனோவா எடுங்க, ரெண்டு பக்கமும் வேற வேற நாய்ஸ் போனா இந்த வித்தை பலிக்காது. வைட் நாய்ஸ் வேண்டாம், அது ஆக்டேவுக்கு (ஸ்தாயிக்கு) 3 டெசிபல் ஏறிக்கிட்டே போகும், ஊஃபர் சும்மா இருக்க, மேல் சத்தம் தர்ற ட்வீட்டர்தான் அடி வாங்கும். 20 ஹெர்ட்ஸ் சைன் வேவ் போட்டு கோன் ஆடற அழகை பாக்கறேன்னு இறங்கிடாதீங்க, போர்ட் (காத்து போற ஓட்டை) வச்ச பெட்டில அவ்ளோ கீழ கோனுக்கு பிடிமானமே கிடையாது.

முடிஞ்சதும் ஒயரை திருப்பி மாத்துங்க சாமி. நான் மறந்துட்டு ரெண்டு நாள் கேட்டேன், பாடகர் நடுவுல நிக்காம ரூம் பூரா ஆவி மாதிரி அலைஞ்சார், நான் ஆம்ப்ளிஃபயரை திட்டிக்கிட்டு இருந்தேன்.

டோம்பிவிலி பெட்டிக்கடை:
கோனைப் பிடிச்சிருக்கற ஸ்பைடரும் சரவுண்டும் இளகறது நிஜம்தான், கோன் தானா அதிரற ரெசனன்ஸ் கொஞ்சம் இறங்கும். பெட்டி கட்டறதுக்கு முன்னாடி வெறும் ஸ்பீக்கர் டிரைவரை நானே அளந்திருக்கேன், முக்கால்வாசி மாற்றம் நல்லா ஓட்டின முதல் கொஞ்ச நேரத்துலயே வந்துடுச்சு. ஆனா பெட்டிக்குள்ள போட்டதும் உள்ள இருக்கற காத்தும் ஒரு ஸ்பிரிங் மாதிரிதான், அதனால வித்தியாசம் இன்னும் சுருங்கிடும். காணாம போன தொப்பி இதுல திரும்பி வராது, பழகறது பெரும்பாலும் நம்ம காது.

ஃப்ளாக் கதையெல்லாம் விடுங்க. அது ஜிப் மாதிரி, பிரிச்சா சிடில இருந்த அதே 16 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸ். கேக்க நல்லது, ஆனா கோனை ஆட்டற வாய்ஸ் காயிலுக்கு வர்றது கரண்ட், அது எந்த ஃபைல்ல இருந்து வந்துச்சுன்னு அதுக்கு எங்க தெரியும்?

ஒரு கணக்கு. தினம் ரெண்டு மணி நேரம்னா 100 மணி நேரத்துக்கு 50 நாள். ரிட்டர்ன் எத்தனை நாள்னு பில்லை திருப்பிப் பாத்தீங்களா? ரூம் என்ன சைஸ், எங்க உக்காந்து கேக்கறீங்க?

செம்பூர்வாசி:
அடப்பாவி, பில்லுல 10 நாள்தான் போட்டிருக்கு. அஞ்சு நாள் போச்சு!! ஸ்பீக்கர் பக்கத்து சுவத்துல இருந்து எதிர் சுவர் எட்டடி அண்ணா, நட்ட நடுவுல திவான்.

டோம்பிவிலி பெட்டிக்கடை:
அதான் கேட்டேன். எட்டடிக்கு ரூமோட முதல் மோட் (சுவருக்கு சுவர் மோதி நிக்கற அலை) சுமார் 70 ஹெர்ட்ஸ், நடுவுல உக்காந்தா அந்த ஏரியா அப்படியே பள்ளம். ஒரு கட்டை சுருதின்னா சட்ஜம் சுமார் 131, தொப்பி அதுக்கு ஒரு ஸ்தாயி கீழ, அதாவது உங்க பள்ளத்துக்கு ரொம்ப பக்கம். மொதல்ல ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒயர் சிவப்புக்கு சிவப்பு இருக்கான்னு பாருங்க, அப்புறம் திவானை பின்சுவர் வரைக்கும் தள்ளுங்க. அப்பவும் வரலைன்னா பெட்டியோட கடைக்கு போங்க.

செம்பூர்வாசி:
ஒயர் சரியாத்தான் இருந்துச்சு. திவானை தள்ளினேன், அம்மா "சாமி அலமாரி கதவை எப்படிடா திறக்கறது"ன்னு ஒரு பாட்டம் கத்தினாங்க, அதே தனி ஆவர்த்தனத்தை அதே வால்யூம்ல போட்டேன், தொப்பி தொம்முனு நெஞ்சுல வந்து விழுந்துச்சு.

மணி ஒன்பதே கால்தான், ஆஜி தட்டிட்டாங்க.