பேஸ்பால் அம்பயராக நிற்பவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் ஆட்டத்தைச் சொல்லுங்கள்

எடிசன்காரர்:

பிள்ளைகளை லிட்டில் லீகில் (சிறுவர் பேஸ்பால்) சேர்த்த தமிழ்க் குடும்பங்கள் நியூஜெர்சியில் நிறைய இருக்கின்றன. ஆனால் மாஸ்க் போட்டு ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் நம்மவர்கள் குறைவு. உள்ளூர் லீகிலோ உயர்நிலைப் பள்ளியிலோ அம்பயராக நிற்பவர்கள் இங்கே எழுதுங்கள். ஒரு ஆட்டம், அதில் ஒரு தீர்ப்பு, அதை எப்படிக் கையாண்டீர்கள் என்பது போதும். முதலில் என் கதை.

ஏப்ரல் தொடக்கத்தில் எங்கள் பக்கம் இன்னும் குளிர் விட்டிருக்காது. காற்றும் சேர்ந்தால், மேலே போன பந்து எங்கே வந்து விழும் என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு நாளில் ஜூனியர் வார்சிட்டி (பள்ளியின் இரண்டாம் நிலை அணி) ஆட்டம். பள்ளி ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் இரண்டே அம்பயர்கள்தான். நான் பிளேட்டில், கூட்டாளி பேஸ் பக்கம். ஒரு அவுட் ஆகியிருந்தது. முதல் பேஸிலும் இரண்டாம் பேஸிலும் ரன்னர்கள். அடுத்த பேட்டர் வந்து நிற்பதற்குள் நானும் கூட்டாளியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சைகை காட்டிக்கொண்டோம். இன்ஃபீல்டு ஃப்ளை (உள்மைதானத்தில் எளிதாகப் பிடிக்கக்கூடிய உயரப் பந்து, பிடிக்காவிட்டாலும் பேட்டர் அவுட்) வரலாம், தயாராக இரு என்று அர்த்தம்.

சொல்லி வைத்தது போல, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பக்கம் பந்து உயரமாகப் போனது. அது இறங்கத் தொடங்கி, பையன் அதற்கு அடியில் நிதானமாக வந்து நின்றதைப் பார்த்ததும் இருவரும் கையை உயர்த்தி "இன்ஃபீல்டு ஃப்ளை, பேட்டர் அவுட்!" என்று கத்தினோம். கடைசி நேரத்தில் காற்று தள்ளியது. பந்து கிளவ்வின் விளிம்பில் பட்டுக் கீழே விழுந்தது. இரண்டாம் பேஸ் ரன்னர் பயந்துபோய் மூன்றாம் பேஸுக்கு ஓடினான். ஷார்ட்ஸ்டாப் பந்தைப் பொறுக்கி எறிய, மூன்றாம் பேஸ்மேன் பேஸை மிதித்தான், ரன்னரைத் தொடவில்லை. கூட்டாளி "சேஃப்" என்றார். மைதானமே கத்தியது.

ஃபீல்டிங் அணியின் கோச் டைம் கேட்டு வந்தார். "பந்து பேஸுக்கு முன்னாடியே வந்துவிட்டதே, ஃபோர்ஸ் அவுட் இல்லையா?" என்று கேட்டார். பின்னால் ஆள் வருவதால் ஓடியே ஆக வேண்டிய ரன்னரை, தொடாமல் பேஸை மிதித்தே அவுட் செய்வதைச் சொன்னார். "கோச், பேட்டரை ஏற்கெனவே அவுட் கொடுத்துவிட்டோம். பின்னால் வந்து தள்ள ஆள் இல்லாதபோது ரன்னர் ஓட வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் அவனைத் தொட்டுத்தான் அவுட் செய்ய வேண்டும்" என்றேன். சற்று யோசித்தார். தலையை ஆட்டிவிட்டுப் போய், டக்அவுட்டில் பையன்களிடம் அதையே விளக்கினார்.

இந்த விதி எதற்காக என்று தெரிந்தால் பெற்றோர்களுக்கும் கோபம் வராது. இது இல்லாவிட்டால் ஃபீல்டர் வேண்டுமென்றே கேட்சை விட்டுவிட்டு, இரண்டு ரன்னர்களையும் எளிதாக அவுட்டாக்கிவிடலாம். தப்பிக்க வழியே இல்லாத ரன்னரைக் காப்பாற்றத்தான் பேட்டரை முன்கூட்டியே அவுட் கொடுக்கிறோம். நான் அன்று உறுதியாகப் பேச முடிந்ததற்குக் காரணம், கோச் கேட்டது விதியைப் பற்றி. விதியைப் பற்றி எந்த கோச்சும் என்னிடம் கேட்கலாம், பொறுமையாகப் பதில் சொல்வேன். ஸ்டிரைக்கா பாலா, சேஃபா அவுட்டா என்பது என் கண் பார்த்தது. அதற்கு விவாதம் கிடையாது.

ஆல்ஃபரெட்டா நண்பர்:

நல்ல இழை அண்ணா. நான் ஜார்ஜியாவில் வார்சிட்டி (பள்ளியின் முதல் அணி) வரை நிற்கிறேன். பெரும்பாலும் பேஸ் பக்கம்தான் என்பதால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அம்பயர் ஒரே இடத்தில் நிற்பவர் என்ற நினைப்பு இருக்கும். இங்கே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பேஸில் ரன்னர் இல்லையென்றால் முதல் பேஸ்மேனுக்குப் பின்னால், கோட்டுக்கு வெளியே நிற்பேன். தரையோடு பந்து போனதும் உள்ளே வந்து, எறி வரும் பாதைக்குச் செங்குத்தாக ஒரு கோணம் பிடிப்பேன். பக்கத்தில் போவதைவிடக் கோணம்தான் முக்கியம். மூன்றடி தூரத்தில் தவறான கோணத்தில் நின்றால் ஒன்றும் தெரியாது. பதினைந்து அடிக்கு மேல் தள்ளி, சரியான கோணத்தில் நின்றால் எல்லாமே தெரியும். கண் பேஸில் இருக்கும் காலைப் பார்க்கும், காது கிளவ்வில் பந்து விழும் சத்தத்தைக் கேட்கும். எது முதலில் வந்தது என்பதுதான் தீர்ப்பு.

இரண்டாவது, அவசரப்படாமை. ஒரு வார்சிட்டி ஆட்டம் நினைவுக்கு வருகிறது. பள்ளி ஆட்டம் ஏழு இன்னிங்ஸ்தான். அது ஏழாவது, இரண்டு அவுட், ஒரு ரன் வித்தியாசம். முதல் பேஸ் ரன்னர், பேட்டர் அடிக்கும் முன்பே, இரண்டாம் பேஸைத் திருட ஓடினான். கேட்சரின் எறி அருமையாக வந்தது. ரன்னர் சறுக்கி வருவதற்குள் கிளவ் அவன் காலில் பட்டுவிட்டது. ஃபீல்டிங் அணி டக்அவுட்டிலிருந்து குதித்து வெளியே வந்துவிட்டது, ஆட்டம் முடிந்தது என்று. நான் கையைத் தூக்கவில்லை. பந்து கிளவ்வில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபீல்டரின் முழங்காலுக்கு அடியிலிருந்து பந்து மெதுவாக உருண்டு வெளியே வந்தது. "சேஃப்!" கோச் ஓடி வந்தார். "பந்து தரையில் கிடக்கிறது, கோச்" என்றேன். திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அப்போது நின்ற பேட்டரே அவுட்டாகி ஆட்டம் அதே கணக்கில் முடிந்தது. ஆனால் அந்த ஒரு நொடி காத்திருக்காமல் கையைத் தூக்கியிருந்தால், அந்தப் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய கடைசி வாய்ப்பைப் பறித்திருப்பேன்.

எல்லா மாநிலத்திலும் கேட்கும் ஒரு குரலையும் சொல்லிவிடுகிறேன்: "கை மட்டையின் ஒரு பகுதி!" கை உடம்பின் பகுதி. வீசாமல் நின்றவனின் கையில் பந்து பட்டால் பெரும்பாலும் முதல் பேஸ் அவனுக்கு. வீசியபோது கையில் பட்டால் அது ஸ்டிரைக், பந்து டெட் (ஆட்டம் அங்கேயே நிற்கும்). "சமமாக வந்தால் ரன்னருக்குச் சாதகம்" என்பதும் இதே ரகம்தான். விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

நேப்பர்வில் அம்மா:

இல்லினாயிலிருந்து எழுதுகிறேன். மகன் விளையாடும்போது வேலிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்த அம்மாதான் நான். அவன் கல்லூரிக்குப் போனதும் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். இப்போது ஃப்ரெஷ்மேன் (ஒன்பதாம் வகுப்பு) ஆட்டங்களுக்கு பிளேட்டில் நிற்கிறேன்.

நீங்கள் இருவரும் தீர்ப்பைப் பற்றி எழுதினீர்கள். எனக்கு பிளேட்டுக்குப் பின்னால் நான் நிற்கும் மூன்றடி இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேட்சருக்கும் பேட்டருக்கும் இடையில் உள்ள இடைவெளியில், கேட்சரின் தலை உயரத்துக்கு என் கண் இருக்கும்படி குனிந்து நிற்கிறேன். மணிக்கு 80 மைல் வேகத்தில் எறியப்பட்ட பந்து அரை நொடிக்குள் வந்துவிடும். பிளேட்டின் அகலம் 17 அங்குலம். முழங்காலிலிருந்து, தோளுக்கும் இடுப்புக்கும் நடுப்பகுதி வரை ஸ்டிரைக். தலையை ஆட்டாமல் பந்து கிளவ்வுக்குள் போகும்வரை கண்ணாலேயே தொடர வேண்டும். தலை அசைந்தால் ஸ்டிரைக் எல்லை (ஸோன்) மாறிவிடும். பிட்சர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

அந்த இடத்தில் என்னைக் காப்பாற்றுவது பதினான்கு, பதினைந்து வயதுக் கேட்சர்தான். அவன் பந்தை நிறுத்தாவிட்டால் அது என்மேல்தான் வரும். ஒரு நாள் ஃபவுல் பந்து நேராக வந்து என் மாஸ்க்கில் அடித்தது. காதுக்குள் ஒரே இரைச்சல். அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசாமல் டைம் கேட்டுவிட்டு, பிட்சரிடம் நடந்து போனான். பேச அங்கே எதுவும் இல்லை, எனக்கு மூச்சு வாங்க நேரம் கொடுத்தான். இரண்டு இன்னிங்ஸ் கழித்து அவன் தோளில் பந்து பட்டது. நான் முன்னால் போய், சுத்தமாக இருந்த பிளேட்டை பிரஷ்ஷால் துடைத்தேன், அவன் எழுந்து நிற்கும்வரை. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லாக் கேட்சர்களும் எல்லா அம்பயர்களும் செய்கிறார்கள். எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்தது இதுதான்.

பிடிக்காததும் உண்டு. ஒரு தந்தை முதல் இன்னிங்ஸிலிருந்தே ஒவ்வொரு பந்துக்கும் கத்தினார். பார்வையாளர்களோடு நாம் பேசக்கூடாது. இன்னிங்ஸ் இடைவேளையில் உள்ளூர்ப் பள்ளியின் பொறுப்பாளரைக் கூப்பிட்டு, "இவரைக் கவனியுங்கள்" என்று மட்டும் சொன்னேன். அவர் போய்ப் பேசினார், சத்தம் நின்றது. 2018–19 பருவத்துக்குப் பிறகு நாடு முழுவதும் எல்லா விளையாட்டுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 50,000 பள்ளி நடுவர்கள் விலகிப் போனதாக என்.எஃப்.எச்.எஸ் (பள்ளி விளையாட்டுகளின் தேசியக் கூட்டமைப்பு) கணக்குச் சொன்னது. எங்கள் பக்கம் ஆளில்லாமல் ஆட்டத்தைத் தள்ளி வைக்கிறார்கள். 2023ல் உங்கள் நியூஜெர்சியின் டெப்ட்ஃபோர்ட் லிட்டில் லீகில் ஒரு விதி போட்டார்கள், நினைவிருக்கிறதா? அம்பயரைத் திட்டும் பெற்றோர் மூன்று ஆட்டங்களுக்கு அவர்களே அம்பயராக நின்ற பிறகுதான் திரும்பி வந்து ஆட்டம் பார்க்கலாம். எனக்கு அந்த விதி ரொம்பச் சரி என்று படுகிறது. அந்த இடத்தில் ஒரு மணி நேரம் நின்றவர் அப்புறம் அப்படிக் கத்த மாட்டார்.

பெண்கள் யாராவது படித்தால், தயங்காமல் வாருங்கள். 2025 ஆகஸ்ட் 9 அன்று அட்லாண்டாவில் ஜென் பாவோல் மேஜர் லீக் ஆட்டத்தில் முதல் பெண் அம்பயராக நின்றார். மறுநாள் பிளேட்டிலும் நின்றார். நான் இரண்டு நாளும் டிவியை விட்டு எழவில்லை.

கேரி தம்பி:

அண்ணா, அக்கா, நான் வட கரோலினாவில் பன்னிரண்டாம் வகுப்பு. சனிக்கிழமைகளில் 12 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆட்டத்துக்கு அம்பயராக நிற்கிறேன். தனியாகத்தான், கூட்டாளி கிடையாது. பேஸ்களுக்கு நடுவே 60 அடிதான் என்பதால் எல்லாம் சீக்கிரம் நடந்துவிடும். ரன்னர் இருந்தால் பிளேட்டையும் பார்க்க வேண்டும், இரண்டாம் பேஸுக்கும் ஓட வேண்டும். அது எனக்குப் பிடித்திருக்கிறது. போன வாரம் ஒரு கோச் ஒவ்வொரு பந்துக்கும் "அது எங்கே போச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் என் அப்பா வயது. என்ன சொல்வது என்று புரியவில்லை. ஆட்டத்தை முடித்துக்கொடுத்துவிட்டு வந்தேன். நீங்கள் எப்படிச் சமாளிப்பீர்கள்?

எடிசன்காரர்:

தம்பி, நீ ஆட்டத்தை ஒழுங்காக முடித்துக்கொடுத்தாயே, அதுவே பெரிய விஷயம்.

முதல் தடவை கேட்டால் காதில் விழாதது போல இரு. கோபத்தில் ஒரு வார்த்தை யாருக்கும் வரும். இரண்டாவது தடவை நேராகக் கேட்டால், ஒரே வார்த்தையில் பதில்: "வெளியே", "தாழ்வு". அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தொடர்ந்தால், பந்து டெட்டாக இருக்கும்போது மாஸ்க்கைக் கழற்றி, அவர் பக்கம் இரண்டு அடி நடந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும் குரலில் "கோச், பந்துகளைப் பற்றிக் கேட்டது போதும்" என்று சொல். சத்தமாகச் சொல்லாதே. விரலை நீட்டாதே. பள்ளி ஆட்டத்தில் இதற்கு மேலும் படிகள் இருக்கின்றன. எச்சரிக்கையை எழுத்தில் பதிவு செய்வோம். அதையும் மீறினால் டக்அவுட்டை விட்டு வரக்கூடாது என்போம். கடைசியில் வெளியேற்றம், அதற்கு மாநிலச் சங்கத்துக்கு அறிக்கை. உன் லீகில் நடைமுறை வேறாக இருக்கலாம், பொறுப்பாளரிடம் இந்த வாரமே கேட்டு வைத்துக்கொள். வயதைப் பார்த்துத் தயங்காதே. மைதானத்துக்குள் நீ அம்பயர், அவர் கோச். மரியாதையாகப் பேசு, ஆனால் உன் முடிவு முடிவுதான்.

உன் வயதில் எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கும் ஒரு சம்பவம். 2010 ஜூன் 2, டெட்ராய்ட். பிட்சர் அர்மாண்டோ கலராகா பெர்ஃபெக்ட் கேம் (எதிரணியில் ஒருவரைக்கூட பேஸுக்கு விடாத ஆட்டம்) போட ஒரே ஒரு அவுட் பாக்கி. முதல் பேஸில் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் "சேஃப்" என்றார். அது அவுட். ரீப்ளே பார்த்ததும் ஜாய்ஸ் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, கலராகாவிடம் மன்னிப்பும் கேட்டார். மறுநாள் ஜாய்ஸ் பிளேட்டில் நிற்க வேண்டிய முறை. அணிப் பட்டியலை அவர் கையில் கொண்டுவந்து கொடுத்தது கலராகாதான். அந்த ஆட்டக்காரன் எவ்வளவு பெரிய இழப்புக்குப் பிறகு அப்படி நடந்துகொண்டான் என்பதை, ஒரு பந்துக்காகக் கத்தும் எந்தப் பெரியவரும் யோசிக்கலாம்.

அடுத்த பருவத்துக்குப் பள்ளி ஆட்டம் நிற்க விருப்பமிருந்தால், உங்கள் மாநிலச் சங்கத்தின் குளிர்கால வகுப்புகளில் பெயர் கொடு. வயது வரம்பை முதலில் விசாரித்துக்கொள். விதித் தேர்வு இருக்கும், இன்ஃபீல்டு ஃப்ளையும் பாக்கும் (பேஸில் ரன்னர் இருக்கும்போது பிட்சர் செய்யும் விதிமீறல் அசைவு) கட்டாயம் கேட்பார்கள். பள்ளி விதியில் பாக் கொடுத்த உடனே பந்து டெட் என்பதை மறக்காதே, டிவியில் பார்க்கும் ஆட்டத்தில் அப்படி இல்லை. செஸ்ட் புரொடெக்டரை மட்டும் நல்லதாக வாங்கு. என்னிடம் ஷின் கார்டு இன்னொரு ஜோடி நன்றாகவே இருக்கிறது. உன் உயரத்தைத் தனிச்செய்தியில் சொல், அனுப்பி வைக்கிறேன்.