கிரவுண்ட் லூப்புக்குத் தமிழ் என்ன?

லாஸ்பேட்டையிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். அலாஸ்காவில் ஆற்று நடுவே கூழாங்கல் திட்டுகளில் இறங்கும் சின்ன விமானங்கள் பற்றிய ஆவணப்படத்துக்குத் துணைவரி எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 'கிரவுண்ட் லூப்' நாலு இடத்தில் வருகிறது. பைப்பர் சூப்பர் கப் மாதிரி வால்சக்கர விமானங்களில் பாரத்தின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். தரை தொட்டதும் மூக்கு கொஞ்சம் திரும்பினால்கூட, பின்னாலுள்ள பாரம் அதை இன்னும் திருப்பிவிடும். சடாரென்று வண்டி சுற்றிக்கொள்ளும். இறக்கை நுனி தரையில் இடிக்கும், சக்கரக்கால் மடங்கும். வரி திரையில் இரண்டு விநாடிதான் நிற்கும். குட்டிச் சொல்லாகக் கொடுங்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:
தரைச்சுழல். அதற்கு முன், 'விமானம்' வடசொல். வானூர்தி என்று மாற்றுங்கள். புறநானூற்று 27-ஆம் பாட்டிலேயே 'வலவன் ஏவா வான ஊர்தி' இருக்கிறது. பைலட்டுக்கும் வலவன் கிடைத்துவிட்டான்.

முத்தியால்பேட்டையிலிருந்து:
ஐயா, அது வலவன் ஏவாத ஊர்தி. ஆளே இல்லாத வண்டியிலிருந்து பைலட்டை எடுக்கிறீர்களே! பிரெஞ்சில் இந்த விபத்துக்கு 'ஷெவால் த புவா', அதாவது மரக்குதிரை என்று பெயர். ராட்டினத்துக் குதிரை. நம் குடைராட்டினம்தான். 'ராட்டினம் போட்டது' என்றால் என்ன குறை?

மஞ்சக்குப்பத்திலிருந்து:
ராட்டினம் காசு தீரும்வரை சுற்றும். இது அரைச் சுற்றிலேயே முடிந்துபோகிற சங்கதி. குடை என்றதும் ஞாபகம் வந்தது, நம் பத்திரிகைகளில் வேன் 'குடைசாய்ந்தது' என்று போடுகிறார்களே, அது கூண்டுவண்டியிலிருந்து வந்ததில்லை, வெண்கொற்றக்குடை சாய்ந்ததிலிருந்து வந்தது என்பது என் கட்சி. அரசு கவிழ்ந்த சொல் கடைசியில் வேனுக்கு வந்து சேர்ந்தது. விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

லாஸ்பேட்டையிலிருந்து:
அம்மா, தனி மடலை வெள்ளிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கவிழ்வது வேறு விபத்து. சேற்றில் சக்கரம் புதைந்தோ, பிரேக்கை ஒரேயடியாக அழுத்தியோ மூக்கு தரையில் குத்தி, அப்படியே மல்லாந்துவிடும். அதற்குக் 'குட்டிக்கரணம்' என்று எழுதிவிட்டேன்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:
உள்ளே ஆள் இருக்கிறார். குட்டிக்கரணம் குரங்கு அடிப்பது. 'தலைகீழ்க் கவிழ்வு' என்று கண்ணியமாகப் போடுங்கள். உங்கள் வரைவில் 'மேம்படுத்தப்படாத ஓடுதளம்' என்று வேறு பார்த்தேன். டெண்டர் விட்டு நின்றுபோன சாலை மாதிரி இருக்கிறது.

பண்ருட்டியிலிருந்து:
அதற்கு 'மண்களம்' போதும். நெல் அடிக்கிற களத்தை யாரும் மேம்படுத்துவதில்லை. சுற்றுகிறதற்கு வருகிறேன். பலா ஏற்றுகிற மாட்டுவண்டியில் பின்பாரம் அதிகமானால் நுகத்தடி தூக்கும், மாட்டுக்குக் கழுத்து இறுகும். இங்கேயும் குற்றவாளி பின்பாரம்தான். 'பின்பாரச் சுற்று' என்றால் காரணமும் சேர்ந்து வந்துவிடும்.

முத்தியால்பேட்டையிலிருந்து:
வண்டியில் தூக்குகிறது, விமானத்தில் திருப்புகிறது. காரணம் பாதிதான் வருகிறது. பிள்ளைகள் கைகோத்துச் சுற்றும் தட்டாமாலை இருக்கும்போது நாம் ஏன் இவ்வளவு அலைகிறோம்?

லாஸ்பேட்டையிலிருந்து:
தரைச்சுழலுக்கு மூன்று பேர், தட்டாமாலைக்கு ஒருவர். பண்ருட்டிக்காரர் 'எதையாவது போடுங்கள்' என்று எழுதியிருக்கிறார். தரைச்சுழலைப் போட்டு அனுப்பிவிட்டேன். மண்களமும் போயிற்று. விமானம் விமானமாகவே இருக்கிறது. ஐயா மன்னிக்க வேண்டும்.

முத்தியால்பேட்டையிலிருந்து:
படம் ஆற்றுத் திட்டில் நடக்கிறது. சுற்றிலும் தண்ணீர். அதில் 'சுழலில் சிக்கியது' என்று இரண்டு விநாடி காட்டினால், விமானம் எங்கே விழுந்ததாகப் படிப்பார்கள்?