மாசி 35-க்கு 2.75 லட்சம்: வாங்கறதா, எடைக்குப் போடச் சொல்றதா?

கேரட்பாத்தி (கேத்தி)
கோத்தகிரி ரோட்டுல ஒரு பழைய தோட்டத்து ஷெட்டுல நிக்கிற டிராக்டர். விளம்பரம் அப்படியே: "மாசி பெர்குசன் 35, 1961, டீசல். ஒரிஜினல் பெயின்ட், விண்டேஜ். லிப்ட் ஓடும், பின் டயர் புதுசு, ஆர்.சி. உண்டு. 2.75 லட்சம், நேரில் குறையும்." படம் நாலு இணைச்சிருக்கேன். பள்ளத்து வயல் 3 ஏக்கர் உழவும், அப்பப்போ டிரெய்லர் இழுக்கவும் வேணும். இந்த விலை தகுமா?

லைனர்செட்
தகாது. உழவு வண்டிக்கு விலை ஒண்ணுதான்: ஓடுற நிலையில என்ன தருவாங்களோ அதுல இருந்து ரிப்பேர் செலவைக் கழிச்சது. "விண்டேஜ்"னு எழுதினா பிஸ்டன் புதுசாகாது.

ஆனா 35 நல்ல வண்டிதான். பெர்கின்ஸ் மூணு சிலிண்டர், 152 கன அங்குலம், அதாவது 2.5 லிட்டர். இதே குடும்பத்து இன்ஜினைத்தான் சென்னையில சிம்சன் போட்டாங்க, டாஃபே 1035 டிராக்டர்லயும் அந்த வழி இன்ஜின்தான். அதனால லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மேட்டுப்பாளையம், கோவையில சொன்ன நாள்ல கிடைக்கும். பின் டயர் பழைய கணக்குல 11-28, இப்போ 12.4-28னு கேட்டா அதேதான் வரும். ஓடுற நிலையில இருந்தா ஒண்ணேகால். அதுக்கு மேல ஒரு ரூபாயும் வேண்டாம் தம்பி.

சாம்பல்பொன்
அண்ணே, உழவு விலை மட்டுமே விலைன்னா ஊட்டி மலை ரயிலையும் காயலாங்கடைக்குத்தான் அனுப்பணும். பழைய வண்டி சேர்க்கிறவங்க வாங்கற விலையே வேற. மேல் தகர டின் நெளியாம, மீட்டர் உடையாம, நம்பர் தகடு கழராம இருக்கிற வண்டிக்கு அவங்க இன்ஜின் ஓடுதான்னுகூட கேட்க மாட்டாங்க. இன்ஜினை எப்ப வேணா கட்டிக்கலாம், அடிபடாத பானட் கிடைக்காது.

லைனர்செட்
அந்த வாங்கறவர் எங்கே இருக்கார்? ஒருத்தர் பெங்களூரிலயோ கோவையிலயோ இருப்பார், வருஷத்துக்கு ஒண்ணு வாங்குவார். அவர் வர்ற வரைக்கும் வண்டி மழையில நிக்கணும். ஆசை விலைங்கறது ஆள் வர்ற அன்னைக்கு மட்டும் இருக்கிற விலை.

ஆர்சிபுத்தகம்
ரெண்டு பேரும் காகிதத்தை விட்டுட்டீங்க. 2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதி 50 வருஷம் தாண்டின இருசக்கர வாகனத்துக்கும் காருக்கும்தான். டிராக்டர் அந்த வகையிலேயே வராது, விண்டேஜ் வண்டிக்குத் தர்ற வி.ஏ. வரிசை நம்பரும் கிடைக்காது. விளம்பரத்துல இருக்கிற "விண்டேஜ்" சட்டப்படி வெறும் அலங்காரம்.

பார்க்க வேண்டியது: பதிவு முதல்ல 15 வருஷம், பிறகு அஞ்சஞ்சு வருஷமா புதுப்பிச்சிருக்கணும். கடைசியா எந்த வருஷம்னு ஆர்.சி.யில பாருங்க. விட்டுப்போயிருந்தா படிவம் 25 போட்டு, வண்டியை ஆய்வுக்குக் காட்டணும். ஓடாத வண்டின்னா லாரியில ஏத்தித்தான் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கே போகும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஆர்.சி.யில பேர் உள்ளவர் இறந்திருந்தா முதல்ல வாரிசு 31 போட்டு தன் பேருக்கு மாத்தணும், அதுக்குப் பிறகுதான் உங்களுக்கு விக்க முடியும். பழைய பேங்க் கடன் குறிப்பு இருந்தா அதை நீக்கப் படிவம் 35. கையெழுத்து ஆர்.சி. இன்னும் கம்ப்யூட்டர்ல ஏறாம இருந்தா அதுக்குத் தனி அலைச்சல். இதுல ரெண்டு சிக்கினாலே 20,000 குறைச்சுக் கேளுங்க. அலைச்சலுக்கும் விலை உண்டு.

பூண்டுமலை (பூம்பாறை)
மலைக்கு ஒரு கணக்கு தனியா இருக்கு சார். ஊட்டி உயரம் 2,240 மீட்டர். டர்போ இல்லாத டீசல் அங்கே அஞ்சுல ஒரு பங்கு சக்தியை இழக்கும். 37 குதிரைத்திறன் 30-க்கு வந்துடும். அதனால கறுப்புப் புகையைப் பார்த்து பயப்படாதீங்க, காத்து மெலிசா இருக்கிறதால வர்றது. நீலப் புகைதான் ஆயில் எரியறது. ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து வைங்க, பொசுபொசுன்னு புகை தள்ளினா ரிங் போச்சு.

இன்னொண்ணு, இந்த வண்டிகள்ல உருண்டா ஓட்டுறவரைக் காப்பாத்துற இரும்புச் சட்டகம் கிடையாது. சரிவுல குறுக்கே உழவே உழாதீங்க. எங்க பக்கம் படிக்கட்டு வயலுக்கு எல்லாரும் பவர் டில்லர் வச்சிருக்கறது பணம் இல்லாம இல்லை.

கேரட்பாத்தி
வயல் சமதளம்தாங்க, ஓடையோரம். நேர்ல போனா எதை எதைப் பார்க்கணும்?

லைனர்செட்
காலையில ஏழு மணிக்கு, சொல்லாம போங்க. முதல் வேலை இன்ஜின் புகை வெளியேறுற மேனிபோல்டைத் தொட்டுப் பார்க்கறது. சூடா இருந்தா உங்களுக்காக முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்க, அடுத்த நாள் வர்றேன்னு திரும்பிடுங்க. டிசம்பர், ஜனவரி உறைபனியில ஸ்டார்ட் ஆகாத வண்டி மலையில வண்டியே இல்ல.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, பின்பக்கம் ஆயில் இறக்குற டிரெய்ன் பிளக்கை ரெண்டு சுத்து தளர்த்துங்க. கியர்பாக்ஸ், பின் ஆக்சில், கலப்பையைத் தூக்குற லிப்ட் மூணுக்கும் ஒரே ஆயில்தான், 25 லிட்டருக்கு மேல பிடிக்கும். கியர் லிவர் அடி ரப்பர் கிழிஞ்சா மழைத்தண்ணி நேரா உள்ள இறங்கும். ராத்திரி பூரா நின்ன வண்டியில தண்ணி அடியில தங்கியிருக்கும், முதல்ல அதுதான் வரும். பால் மாதிரி வந்தா லிப்ட் பம்ப் துருப்பிடிச்சிருக்கும், பேரிங்கும் சந்தேகம். நம்ம ஊர்ல தார்ப்பாய் போடாம நிக்கிற வண்டியில பாதி இப்படித்தான்.

அப்புறம் லிப்டுல நாலு உரமூட்டை, 200 கிலோ, ஏத்தித் தூக்குங்க. தூக்கி நிறுத்தின பிறகு விக்கல் எடுக்கற மாதிரி இறங்கி இறங்கி ஏறினா சிலிண்டர் சீல் இல்லைன்னா வால்வு கசியுது. முன் ஆக்சிலை ஜாக்கி வச்சுத் தூக்கி வீலை மேலும் கீழும் ஆட்டுங்க: சென்டர் பின், புஷ் ஆட்டம் தெரியும். பிரேக் டிரம்மோரம் ஆயில் கறை இருந்தா ஆக்சில் சீல் போயி லைனிங் நனைஞ்சிருக்கு. பிரேக் இல்லாத டிரெய்லரோட இறக்கத்துல அதை நம்பி இறங்காதீங்க. ரோட்டுல போகும்போது ரெண்டு பிரேக் பெடலையும் கொக்கியால சேர்த்துப் பூட்டுங்க.

சாம்பல்பொன்
ஒரு நிமிஷம். மூணாவது படத்தைப் பெருசாக்கிப் பாருங்க. டீசலைப் பீச்சுற நாசிலுக்குப் போற பைப் எத்தனை? சிலிண்டருக்கு ஒண்ணு.

லைனர்செட்
…நாலு.

சாம்பல்பொன்
நாலு! டின் முழுக்க சாம்பல். இன்ஜின் பிளாக், கியர்பாக்ஸ் செம்புப் பொன் நிறம். மாசி பெர்குசன்னு சிவப்புச் சாயம் வந்தது 1957 கடைசியில. அதுக்கு முன்னாடி 1956-ல இருந்து கொஞ்ச காலம் வந்த எப்.இ. 35 தான் இந்தச் சாம்பல்-பொன். அதுல டீசல்னா ஸ்டாண்டர்ட் கம்பெனியோட 23சி இன்ஜின், நாலு சிலிண்டர். பெர்கின்ஸ் மூணு சிலிண்டர் 1959 கடைசிக்குப் பிறகுதான். ஆர்.சி.யில 1961னு இருக்கறது இங்கே பதிவான வருஷமா இருக்கலாம். டாஷ்ல இருக்கிற நம்பர் தகட்டைப் படிச்சாத்தான் உண்மை தெரியும். சாயம் பழசுதான்னா 2.75 என் பார்வையில நியாயம்.

லைனர்செட்
அப்படின்னா என் ஒண்ணேகாலை வாபஸ் வாங்கறேன். உழவுக்கு இது 60,000 பெறாது. 23சி குளிர்ல ஸ்டார்ட் ஆகறதுக்குப் பேர்போன தகராறு பிடிச்ச இன்ஜின். ஹீட்டர் பிளக் நாலும் சரியா இருந்தாலும் பேட்டரி முழு சார்ஜ்ல இருக்கணும். வெட் லைனர் வேற, அதாவது லைனரைச் சுத்தி கூலிங் தண்ணி நேரா படும். அடி சீல் போனா தண்ணி இன்ஜின் ஆயில் தங்குற சம்புக்கு வரும். பெர்கின்ஸ்ல டிரை லைனர், அந்தத் தொல்லை கிடையாது. சிம்சன் சாமான் ஒண்ணும் இதுல ஏறாது.

பழசுன்னு நினைச்சு ஒருத்தன் சிம்சன் இன்ஜினை மாத்தி வைப்பான், உழவுக்கு அது சரிதான். அப்போ ஆர்.சி. இன்ஜின் நம்பர் ஒத்துப்போகாது, சாம்பல்பொன் ஆளும் வாங்க மாட்டார்.

ஆர்சிபுத்தகம்
இன்ஜின் மாத்தறதுக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில ஏத்தணும். ஏத்தாம வச்சிருந்தா பெயர் மாற்றமே நின்னுடும்.

பூண்டுமலை
அடி விலையையும் சொல்லிடறேன். வண்டி ஏறக்குறைய 1,400 கிலோ. கிலோ 30 ரூபாய்னு வச்சா 42,000. அதுக்குக் கீழ யாரும் விக்க மாட்டாங்க. புது பின் டயர் ரெண்டையும் தனியா மதிப்புப் போடுங்க, ஆனா டயர் பக்கவாட்டுல இருக்கிற நாலு இலக்க எண்ணைப் பாருங்க: முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம். வெடிப்பு விழுந்த பத்து வருஷ டயரைக் கறுப்பு பாலிஷ் போட்டு "புதுசு"ன்னு விப்பாங்க.

சாம்பல்பொன்
விக்கறவருக்கும் ஒண்ணு சொல்லணும். யாராவது இதைச் சிவப்புல அடிச்சு "பளபளன்னு" ஆக்கச் சொன்னா கேட்காதீங்க. பிரஷ் படாத பழைய சாயத்துக்குத்தான் ஆள் வருவான். நெளிஞ்ச டின்னுக்குப் பட்டி பூசறதும் வேண்டாம்.

லைனர்செட்
அது சரி. ஆனா கேரட்பாத்தி கேட்டது உழவுக்கு. அவருக்கு இந்த வண்டி எந்த விலைக்கும் வேண்டாம். அதே காசுல 1980கள்ல வந்த 1035 கிடைக்கும், டபுள் கிளட்ச் இருக்கான்னு பார்த்து எடுக்கட்டும். சிங்கிள் கிளட்ச்ன்னா கிளட்சை மிதிச்ச உடனே ரோட்டவேட்டரும் நிக்கும், லிப்டும் நிக்கும், பாத்தி முனையில தினம் கஷ்டப்படணும்.

சாம்பல்பொன்
அதுல எனக்கும் மறுப்பில்ல. இது உழற வண்டி இல்ல. ஆனா 60,000னு சொல்லி விக்கறவரைப் பயமுறுத்தாதீங்க, அவர் நாளைக்கே காயலாங்கடைக்குப் போன் பண்ணிடுவார்.

கேரட்பாத்தி
சரிங்க, எனக்கு 1035 தேடறேன். திங்கள் காலை அந்தப் பக்கம் போறேன், தகட்டு நம்பரையும் டயர் எண்ணையும் படம் எடுத்துப் போடறேன். சாம்பல்பொன் அண்ணா, நம்பர் எஸ்.டி.எப்.னு ஆரம்பிக்குமா?

சாம்பல்பொன்
எழுத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க, தகட்டுல இருக்கறதை முழுசா, ஒரு எழுத்து விடாம எடுங்க. தேய்ச்சுச் சுத்தம் பண்ணாதீங்க. ஈரத் துணியால ஒத்தி எடுங்க போதும்.