பிரான்மலை முதல் நார்த்தாமலை வரை: ஏறியவர்கள் சொல்லுங்கள்

கோட்டையூர்வாசி:

வெளியூர் நண்பர்களுக்குச் செட்டிநாடு என்றால் பெரிய வீடு, ஆத்தங்குடிக் கல், கோழிக் குழம்பு, அவ்வளவுதான். ஏறுவதற்கு மலை இருக்கிறது என்றால் சிரிக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நீங்கள் ஏறிய குன்றையும் அங்கே யாரைப் பார்த்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

போன மார்கழியில் மூன்று பேர் பிரான்மலைக்குப் போனோம். சிங்கம்புணரியில் இறங்கி, டீ குடித்து, அடுத்த பஸ்ஸில் அடிவாரம். 2,000 அடிக்கு மேல் உயரம். பாரி ஆண்ட பறம்புமலை இதுதான் என்பார்கள். சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றமும் இதுவே. கோயிலே மூன்று அடுக்கு: கீழே கொடுங்குன்றநாதர், நடுவில் பைரவர், மேலே குகைக்குள் மங்கைபாகர். நிறையப் பேர் இதைப் பார்த்துவிட்டு, மலை ஏறியாச்சு என்று திரும்பிவிடுகிறார்கள். உச்சி அதற்கும் ரொம்ப மேலே, அதற்குப் பாதை தனி.

அந்தப் பாதையைத்தான் நாங்கள் கோட்டை விட்டோம். முக்கால் மணி நேரம் சூரைமுள்ளுக்குள் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஏறிய பிறகு, ஒரு பாறைமேல் ஆட்டுக்காரப் பாட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். "எங்கிட்டுப் போறீய?" என்றார். உச்சிக்கு என்றோம். "இது ஆடு போற பாதையாச்சே. மனுசன் போற பாதைன்னா பாட்டிலு கெடக்கும், பாத்துப் போகப்படாதா?" என்றார். எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. எழுந்து முன்னால் நடந்து, சரியான தடத்தில் கொண்டுபோய் விட்டார். அவர் சொன்னபடியே முதலில் கண்ணில் பட்டது ஒரு தண்ணீர் பாட்டில்தான்.

நடக்கும்போது ஒரு கை சூரைப்பழம் பறித்துக் கொடுத்தார். புளிப்பும் துவர்ப்பும், முக்கால்வாசி கொட்டை. பாரியைப் பற்றிக் கேட்டேன். "அவரா? கொடி படரத் தேரக் குடுத்துட்டு நடந்தே வீட்டுக்குப் போனவருல்ல" என்றார், போன வாரம் தெருவில் நடந்த சங்கதி மாதிரி. உழாமலே இந்த மலை மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்று நான்கும் தரும், எத்தனை நாள் முற்றுகை போட்டாலும் பட்டினி போட முடியாது என்று மூவேந்தரிடம் கபிலர் சொன்னது புறநானூற்றில் இருக்கிறது. அதைச் சொன்னதும் பாட்டி சுற்றுமுற்றும் பார்த்தார். "தேன் இப்பவும் இருக்கு. பலாவெல்லாம் நத்தத்துல இருந்துதான் வருது."

உச்சியில் தர்கா. ஏறி வருகிறவர்களில் எல்லாச் சாதி, மதத்துக்காரர்களும் உண்டு. அங்கிருந்த பெரியவர் எங்கள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் தண்ணீர் மொண்டு கொடுத்தார். எங்கள் தூக்குச்சட்டியில் இருந்த புளிச்சோற்றை நால்வருமாகச் சாப்பிட்டோம். கிழக்கே கண்மாய் கண்மாயாகத் தண்ணீர் பளபளத்தது. மேற்கே நத்தம் பக்கத்து மலைகள். அவர் ஒவ்வொரு கண்மாயையும் பேர் சொல்லிக் காட்டினார். எனக்கு இரண்டுகூட நினைவில் இல்லை.

திருமயத்துத் தங்கச்சி:

கோட்டையூர் அண்ணே, உங்களுக்கு இரண்டாயிரம் அடி. எங்களுக்குத் திருமயம் கோட்டைதான் மலை! அரை மணியில் ஏறிவிடலாம். 1687-இல் கிழவன் சேதுபதி கட்டியது. ஊரில் ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள். மலையின் கீழ்ச்சரிவில் சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் குடைவரை, பாறையையே குடைந்து செய்த கோயில். பள்ளிகொண்ட பெருமாளின் நீளத்தை ஒரே பார்வையில் பிடிக்க முடியாது, தலையிலிருந்து காலுக்கு நாமும் நடக்கவேண்டும்.

ரோட்டுப் பக்கம் மதிலை ஒட்டி கோட்டைப் பைரவர் இருக்கிறார் இல்லையா, அந்த வழியே போகும் வண்டிக்காரர்கள் நிறுத்திக் கும்பிட்டுத்தான் போவார்கள். ஒருநாள் மேலே பீரங்கிப் பக்கம் ஒரு லாரி டிரைவர் நின்றுகொண்டிருந்தார். பதினான்கு வருடமாகக் கீழே தேங்காய் உடைக்கிறாராம், மேலே வந்தது அன்றுதான். டயர் பஞ்சராம். பாதி வழியில் இரும்பு ஏணி வைத்து, பாறை நடுவே குடைந்த அறையில் லிங்கம் இருக்கிறதே, அதைப் பார்த்தாரா என்று கேட்டேன். "பாத்தேன் பாப்பா. ஏணி இல்லாத காலத்துல இத எவன் எப்படிக் குடைஞ்சான்னுதான் ஓடுது மண்டைக்குள்ள" என்றார். அதைச் சொல்லும்போதும் கண் கீழேதான். கிளீனர் டயரைக் கழற்றுகிறானா, போனில் பேசுகிறானா என்று அங்கிருந்தே வேவு பார்த்துக்கொண்டிருந்தார்.

பாறைப்பித்தன்:

நான் அப்பச்சியோடு நார்த்தாமலை போனேன். முதலில் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பங்குனியில் போனோம், அதுவும் பதினொரு மணிக்கு மேல். கோயிலுக்குப் போகிறோம் என்று அப்பச்சி செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டார். மேலமலையில் நடப்பது முழுக்க வெட்டப்பாறை, நிழலுக்கு ஒரு செடி கிடையாது. துண்டை இரண்டாகக் கிழித்து அவர் காலில் கட்டித்தான் கூட்டிப் போனேன். அறுபத்தெட்டு வயது. வழி முழுக்கத் திட்டு எனக்குத்தான்.

ஆனால் பாறை மடிப்பைத் தாண்டி விசயாலய சோழீச்சரம் கண்ணில் பட்டதும் திட்டு நின்றது. ஒன்பதாம் நூற்றாண்டுக் கற்கோயில், மேற்கு பார்த்தது. வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். சுற்றிலும் சின்னச் சின்னக் கோயில்கள். எதிரே பாறையில் இரண்டு குடைவரை. ஒன்று பழியிலி ஈச்சரம். இன்னொன்றைச் சமணர் குடகு என்கிறார்கள், உள்ளே போனால் ஒரே அச்சில் வார்த்தது போல் பன்னிரண்டு திருமால் வரிசையாக நிற்கிறார்கள்.

குடைவரை நிழலில் ஒரு பெரியவர் துண்டை விரித்துப் படுத்திருந்தார். கல் உடைக்கும் வேலை பார்த்து ஓய்ந்தவர். தூரத்தில் குவாரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பச்சியின் காலைப் பார்த்துவிட்டு, சுனை இருக்கும் இடத்தைக் காட்டி நனைத்துக்கொள்ளச் சொன்னார். அப்புறம் பாறை ஓரத்தில் வரிசையாக இருந்த சின்னக் குழிகளைத் தொட்டுக் காட்டினார். நான் ஏதோ விளையாட்டுக் குழி என்றுதான் நினைத்திருந்தேன். "ஆப்பு எறக்குன குழி. இப்படி வரிசையா வெட்டி ஆப்ப அடிச்சா, கல்லு அந்தக் கோட்டுலயே பொளக்கும். இந்த வரிசையில அடிச்சுப் பாத்துட்டு விட்டுட்டான், உள்ளுக்குள்ள ஓட்டம் சரியில்ல" என்றார். தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே சொன்னார். சோழர் காலத்துக் குழியா, அவர் அப்பன் காலத்துக் குழியா என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான் போ."

அதற்குப் பிறகு எந்தக் குன்றுக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது அந்தக் குழிகளைத்தான். சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் என்ற சமணர் குகைக்கு, முகட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கிப் போனேன். தலையணை மேட்டோடு வழவழவென்று பதினேழு படுக்கை, ஒன்றில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்து. ஓவியத்துக்காக வந்த கூட்டம் பாதிக்கு மேல் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நல்லதுதான் என்று தோன்றியது.

கோட்டையூர்வாசி:

பித்தன் சொன்னதை ஒட்டி நேரக் கணக்கு: மழை ஓய்ந்த பிறகு, கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரை போங்கள். விடியும்போது அடிவாரத்தில் இருங்கள், பத்து மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். பிரான்மலைக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். குரங்குக்குப் பை என்றால் தின்பண்டம், கையில் தொங்கவிடாமல் முதுகில் மாட்டுங்கள். தூக்குச்சட்டியைக் குரங்கால் திறக்க முடியாது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

பாட்டியை ஆட்டுக்குட்டியோடு ஒரு போட்டோ எடுத்திருந்தேன். "போன்ல வச்சு என்ன செய்ய, தாள்ல கொண்டா" என்று கேட்டிருந்தார். ஒரு வருடம் ஓடிவிட்டது. இப்போதுதான் பிரிண்ட் போட்டேன். வரும் ஞாயிறு கொடுக்கப் போகிறேன். கூட வருகிறவர்கள் காலை ஆறரைக்குச் சிங்கம்புணரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். பாட்டில் பொறுக்க இரண்டு சாக்கு எடுத்து வருகிறேன்.

திருமயத்துத் தங்கச்சி:

அண்ணே, பாட்டிலை எல்லாம் பொறுக்கிவிட்டால் அப்புறம் வழி எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?